புகைப்புரையில் திரைச்சீலைகள்

கதவைத் திறந்து உள்ளே போன ஏலியாம்மாவுக்கு, சோபாவின் மேல் யாரோ அரிசி மாவைச் சலித்துவிட்டுப் போனது போலத்தான் முதலில் தோன்றியது. விரலால் தொட்டுப் பார்த்தாள். மாவு இல்லை. பூசணம்.

சாம்பல் நீல சோபாவின் கைகளிலும் முதுகிலும் வெள்ளையாகப் படர்ந்திருந்தது. சன்னல் பக்கம் திரும்பினாள். தரைவரை தொங்கிய வெளிர் சந்தன நிறத் திரைச்சீலைகளின் கீழ் ஓரம் முழுக்க, கடுகு சிதறியது போலக் கரும்புள்ளிகள். மாடிப் படுக்கையறைக்குப் போய், மெத்தை மேல் போட்டிருந்த விரிப்பைத் தூக்கினாள். பார்த்துவிட்டு மறுபடி மூடினாள்.

இதையெல்லாம் பார்த்தால் பதற வேண்டும். பதறவில்லை. வேறு யாருடைய வீட்டையோ டிவியில் பார்ப்பது போல இருந்தது.

தம்பி ரோயிச்சனின் வீடு அது. ரோயிச்சனுக்கும் அவன் மனைவி ஷைனிக்கும் அயர்லாந்தில் ஆஸ்பத்திரி வேலை. கேரளத்துப் பாலா டவுனைத் தாண்டி, ரப்பர் தோட்டத்து நடுவே, அக்காள் வீட்டுக்கு அடுத்த மனையில் ஆசை ஆசையாகக் கட்டிய வீடு. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வந்து மூன்று வாரம் இருந்துவிட்டுப் போவார்கள். மற்ற நாளெல்லாம் சாவி ஏலியாம்மாவிடம்.

அன்று காலையில்தான் ஷைனியின் குரல்பதிவு போனில் வந்திருந்தது. "சேச்சி, டிக்கெட் எடுத்தாச்சு. அடுத்த வாரம் சனிக்கிழமை காலைல அங்க இருப்போம். வீடு நல்லாத்தானே இருக்கு?"

"நல்லா இருக்கு மோளே" என்று ஏலியாம்மா பதில் அனுப்பிவிட்டாள். யோசித்துச் சொன்ன பொய் அல்ல. வாய் தானாகச் சொன்னது. அப்புறம்தான், அந்த வீட்டுக்குள் தான் கால் வைத்து எவ்வளவு நாளாகிறது என்று நினைத்துப் பார்த்தாள். இரண்டு வாரம் இருக்கும் என்று நினைத்தாள். விரல்விட்டு எண்ணியபோது ஆறு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

சாவி அவள் வீட்டுச் சுவரில், காலண்டருக்குப் பக்கத்தில், ஆணியில்தான் தொங்கியது. தினமும் கண்ணில் பட்டது. அது ஒரு கதவைத் திறக்கிற சாமான் என்பதுதான் உறைக்கவில்லை.

முன்பெல்லாம் அப்படி இல்லை. வெயில் ஏறி பத்து மணி ஆனதும் போய் எல்லாச் சன்னலையும் திறப்பாள். மழை வருவதற்குமுன் சாத்துவாள். மேற்கு வெயில் துணியின் நிறத்தைத் தின்றுவிடும் என்பதால் மத்தியானம் அந்தப் பக்கத் திரையை இழுத்துவிடுவாள். காற்று பின்னால் புகுந்து போகட்டும் என்று சோபாவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டிருந்தாள். வாரம் ஒருமுறை திண்டுகளைத் தட்டி, திருப்பிப் போடுவாள்.

"உட்கார ஆளே இல்லாத சோபாவுக்கு எதுக்குடி திண்டைத் திருப்பிப் போடறே?" என்று பக்கத்து வீட்டு மறியக்குட்டி கேட்பாள்.

"ஆள் உட்காரலைன்னாலும் தூசி உட்காருதுல்ல. அது ஒரே பக்கமா உட்காருது."

கடையிலிருந்து வந்த பிளாஸ்டிக் உறையைக் கழற்றவே கூடாது என்பது ஷைனியின் கட்டளையாக இருந்தது. முதல் மழைக்கே அந்த உறைக்குள் சோபா வியர்த்துக் கொட்டியது. ஏலியாம்மா அதைக் கழற்றி எறிந்துவிட்டு, புருஷன் அவறாச்சனின் பழைய வெள்ளை வேட்டிகளைப் போட்டு இருக்கைத் திண்டுகளை மூடினாள். பருத்தி மூச்சு விடும். வீடியோவில் பார்த்த ஷைனி சிரித்துவிட்டாள்.

"சேச்சி, என்ன இது, சோபாவுக்கு வேட்டி கட்டி விட்டிருக்கீங்க?"

பின்னாலிருந்து அவறாச்சன் சொன்னார்: "ஆம்பள சோபா மோளே."

அந்த அவறாச்சன், மழைக்காலம் தொடங்கிய வாரம், கடைசியாக வெட்டிய ரப்பர் பாலை ஷீட்டாக அடித்து, அதைப் புகையில் காயவைக்கிற புகைப்புரையில் தொங்கவிட்டுவிட்டு வந்து, சமையல்கட்டு வாசலில் உட்கார்ந்து பால் விடாத கட்டன் காபி கேட்டார். காபி கொண்டு வருவதற்குள் ஆள் இல்லை.

அதற்கப்புறம் எல்லாம் அதனதன்பாட்டில் நடந்தது. பஹ்ரைனிலிருந்து மகன் வந்தான், போனான். ரோயிச்சனுக்கும் ஷைனிக்கும் லீவு கிடைக்கவில்லை. அடக்கத்தைப் போனில் நேரலையாகப் பார்த்தார்கள். நாற்பத்தொன்றாம் நாள் பூசை முடிந்தது. வந்தவர்களுக்கெல்லாம் ஏலியாம்மா காபி போட்டுக் கொடுத்தாள். அவள் அழவில்லை என்று ஊரில் சிலர் பேசிக்கொண்டார்கள். அழக்கூடாது என்று அவள் ஒன்றும் நினைக்கவில்லை. அழுகை வரவில்லை, அவ்வளவுதான். குழம்புக்கு உப்பு தெரியவில்லை. எதற்கும் வாசனை தெரியவில்லை.

இப்போது பூசணம் பிடித்த சோபாவின் முன் நின்றபோது ஒன்றே ஒன்று தெரிந்தது. இதை ஷைனி பார்த்தால் சாவி போய்விடும்.

போன தடவையே பேச்சு வந்தது. எர்ணாகுளத்தில் ஒரு கம்பெனி இருக்கிறது, பூட்டிய வீடுகளை அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள், வாரா வாரம் படம் எடுத்து அனுப்புகிறார்கள் என்று ஷைனி சொன்னாள். "சேச்சிக்கும் வயசாகுதில்ல, எதுக்கு இந்தப் பாடு?"

ரோயிச்சன்தான் மறித்தான். "சேச்சி பாத்துக்கறதுல ஒரு குறை சொல்லு. அப்புறம் கம்பெனியக் கூப்பிடலாம்."

ஷைனி வீடு முழுக்கச் சுற்றி வந்தாள். குறை அகப்படவில்லை.

இப்போது சோபாவுக்கு ஒன்று, திரைக்கு ஒன்று, மெத்தைக்கு ஒன்று என்று குறை வரிசையாக நிற்கிறது. சாவி போனால் காலை பத்து மணிக்கு ஏலியாம்மா எங்கே போவாள்? அவள் வீட்டில் எந்த அறைக்குப் போனாலும் அங்கே அவறாச்சன் இல்லாமல் இருந்தார். இந்த வீட்டில் யாரும் சாகவில்லை. யாரும் வாழவும் இல்லை. இங்கே நிற்கும்போது மூச்சு சுலபமாக வந்தது.

தலையில் ஒரு துண்டைக் கட்டினாள். மூக்கையும் வாயையும் இன்னொரு துண்டால் மூடினாள். வேலையை ஆரம்பித்தாள்.

பூசணத்தை வீட்டுக்குள் வைத்துத் தட்டக்கூடாது, பறந்து போய் இன்னொரு துணியில் உட்காரும். எடுத்த எடுப்பில் ஈரமும் படக்கூடாது, இன்னும் உள்ளே இறங்கும். திண்டுகளையும் அவற்றின் உறைகளையும் கார் நிறுத்துகிற கொட்டகைக்குக் கொண்டுபோய், காய்ந்த பிரஷால் ஒவ்வொன்றாகத் தேய்த்து உதறினாள். மழை கொட்டகையின் தகரத்தில் அறைந்துகொண்டிருந்தது.

குடையைச் சாய்த்துக்கொண்டு மறியக்குட்டி வந்தாள்.

"என்னடி இது, கொள்ளைக்காரி மாதிரி மூஞ்சியக் கட்டிக்கிட்டு? யார் வீட்டுல பூந்தே?"

"தம்பி வீட்டுலதான்."

மறியக்குட்டி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். சிரிப்பு போயிருந்தது. "அய்யோ. இவங்க எப்ப வர்றாங்க?"

"அடுத்த சனி."

"ஷைனிகிட்ட சொல்லிட்டியா?"

"நல்லா இருக்குன்னு சொல்லிட்டேன்."

"எது நல்லா இருக்கு?"

"வீடு."

மறியக்குட்டி குடையை மடக்கினாள். இன்னொரு பிரஷை எடுத்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தாள். "போன்ல பேசற வாய்க்கு ஒரு பூட்டு இருந்தா எவ்வளவு நல்லா இருக்கும்" என்றாள். "தா அந்தத் திண்டை."

சோபாவின் மரச்சட்டத்தோடு ஒட்டிய துணியை வினிகர் கலந்த தண்ணீரில் பிழிந்த துணியால் ஒற்றி எடுத்து, இரண்டு பக்கமும் மின்விசிறி வைத்தார்கள். மெத்தையை நிமிர்த்திச் சுவரில் சாய்த்து, அதற்கும் ஒரு விசிறி. சோபாவும் மெத்தையும் பிழைத்துக்கொண்டன. திரைச்சீலைகளில்தான் சிக்கல். கரும்புள்ளிகளில் எலுமிச்சைச் சாறும் உப்பும் தேய்த்து ஊறவைத்தால் போகும். பிளீச்சிங் போட்டால் புள்ளியோடு நிறமும் போய்விடும். ஆனால் எலுமிச்சை வேலை செய்ய வெயில் வேண்டும். வெயில் என்று ஒன்று இருந்ததையே ஊர் மறந்து போயிருந்தது.

அவள் அலசிப் பிழிந்து கூடத்தில் கொடி கட்டிக் காயப்போட்டாள். கனத்த துணி, பின்பக்கம் உள்துணி வேறு. இரண்டு நாள் விசிறி சுற்றியும் ஓரத்தைப் பிடித்தால் விரல் ஈரமானது. இப்படியே இன்னும் ஒரு நாள் தொங்கினால் பழைய பூசணம் போய்ப் புதுப் பூசணம் வரும். திண்டு உறைகளும் அப்படியே.

புதன்கிழமை மத்தியானம், கொடியின் கீழே நின்றுகொண்டிருந்தபோதுதான் அவளுக்குப் புகைப்புரை ஞாபகம் வந்தது.

யோசித்துப் பார்த்தால் அதில் தப்பே இல்லை. ரப்பர் ஷீட்டை எதற்குப் புகை போடுகிறோம்? காயவும், பூசணம் பிடிக்காமல் இருக்கவும்தானே. மழைக்காலத்தில் அவறாச்சன் தன் ஈர வேட்டியைக்கூடச் சில நாள் அங்கே போட்டு எடுப்பார். இப்போது பால் வெட்டு இல்லை, புரை சும்மா கிடக்கிறது. புகை வராமல் கனல் மட்டும் இருந்தால் போதும். இஸ்திரி போட்டது போலக் காய்ந்துவிடும்.

புகைப்புரை அவள் வீட்டுக்குப் பின்னால், கன்னங்கரேலென்று, சன்னல் இல்லாமல் நின்றது. கதவைத் திறந்தாள். அவறாச்சன் கடைசியாகத் தொங்கவிட்ட ஷீட்டுகள் அப்படியே மூங்கில் கழிகளில் தொங்கின. அவர் தொங்கவிடும்போது பால் வெள்ளையாக இருந்திருக்கும். போட்ட நெருப்பு தானாக அணைகிறவரை புகைந்து, இப்போது பழுப்பாக இருந்தன. ஏலியாம்மா அவற்றை ஒவ்வொன்றாக எடுத்தாள். மடித்தாள். ஒழுங்காக ஓர் அடுக்காக்கி மூலையில் வைத்தாள். அவ்வளவுதான். வேறொன்றும் நடக்கவில்லை.

கழிகளில் கறை இருக்கும் என்று சோபாவுக்குப் போட்டிருந்த வேட்டிகளைக் கிழித்துச் சுற்றினாள். அதன் மேல் திரைச்சீலைகளையும் உறைகளையும் விரித்துப் போட்டாள். வெளியே வந்து அடுப்பு வாயில் தேங்காய்ச் சிரட்டையை அடுக்கித் தீ வைத்தாள். சிரட்டைக் கனல் சுத்தமாக இருந்தது. புகை இல்லை. அவளுக்குத் திருப்தியாகக்கூட இருந்தது.

சிரட்டை தீர்ந்தபோது பக்கத்தில் கிடந்த ரப்பர் விறகை எடுத்துப் போட்டாள். ஈர விறகு. அடுப்பு வாயின் முன்னால் பலகையைப் போட்டு உட்கார்ந்து நெருப்பைப் பார்த்தாள். நெருப்பு அடங்குவதையும் புகை கிளம்புவதையும் அவள் கண் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. எழுந்து விறகை வெளியே இழுக்க வேண்டும் என்பது மட்டும் மண்டைக்குப் போய்ச் சேரவில்லை. எவ்வளவு நேரம் அப்படி இருந்தாளோ. கை நீட்டி இன்னும் இரண்டு விறகைப் போட்டது அவளுக்கு ஞாபகம் இல்லை.

மறுநாள் துணிகளை எடுத்தாள். சருகு போலக் காய்ந்திருந்தன. ஒரு புள்ளி பூசணம் இல்லை. வெளிர் சந்தன நிறம்தான், கட்டன் காபியில் கொஞ்சம் பால் விட்டது மாதிரி ஆகியிருந்தது. இஸ்திரி போட்டு, வளையம் கோத்து, சன்னல்களில் மாட்டினாள். தள்ளி நின்று பார்த்தாள். எல்லாச் சன்னலிலும் ஒரே நிறமாக இருந்ததால் வித்தியாசம் தெரியாது என்று நினைத்தாள்.

மறியக்குட்டி கூடத்துக்குள் ஓரடி வைத்தாள். அங்கேயே நின்றாள்.

"ஏலியாம்மா."

"என்ன?"

"இங்க என்ன ரப்பர் கடை போட்டிருக்கியா?"

"ஏன்?"

"ஏனா? உனக்குத் தெரியலியா?"

"என்ன தெரியலியா?"

மறியக்குட்டி திரைச்சீலையின் நுனியை எடுத்து ஏலியாம்மாவின் மூக்கில் அழுத்தினாள். ஏலியாம்மா இழுத்துப் பார்த்தாள். துணி கன்னத்தில் சொரசொரவென்று இருந்தது. வேறொன்றும் தெரியவில்லை.

"புகைப்புரையில போட்டேன்" என்றாள்.

"கர்த்தாவே." மறியக்குட்டி சோபாவில் உட்கார்ந்தாள். உடனே எழுந்தாள், திண்டு உறையிலும் அதே வாடை. "ஏண்டி, எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? ஷீட்டைத் தரம் பிரிக்கற வியாபாரி வந்தா இந்தத் திரைக்கு முதல் தரம் போட்டுக் கொடுப்பான்."

"திரும்ப அலசினா?"

"அலசி எங்க போட்டுக் காய வைப்பே? நாளன்னிக்கு வந்து நிக்கறாங்க."

இருவரும் எல்லாச் சன்னலையும் திறந்துவைத்தார்கள். மழைக்காற்று வந்து திரைகளை ஆட்டியது. "காத்துல போயிரும்" என்றாள் மறியக்குட்டி. அவள் குரலிலேயே நம்பிக்கை இல்லை. போகும்போது வாசலில் திரும்பி நின்று கேட்டாள்: "அவ மூக்கப் பிடிச்சா நீ என்ன சொல்லுவே?"

"ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"எதையாவது சொல்லு. பக்கத்து வீட்டுக்காரி தோட்டத்துல டயர் கொளுத்தினான்னு சொல்லு. பழி என் மேல வரட்டும். எனக்கு ஏற்கெனவே இருக்கற பேருக்கு இது ஒண்ணும் பெருசில்ல."

சனிக்கிழமை காலை டாக்சி வந்து நின்றது. ஷைனி இறங்கியதும் நேராக வந்து ஏலியாம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். "கடைசியா ஒரு தடவை பாக்க முடியலியே சேச்சி. போன்ல பாத்தேன். நெட்டு நின்னு நின்னு வந்துச்சு." ஏலியாம்மா அவள் முதுகைத் தட்டிக் கொடுத்தாள். ரோயிச்சன் பெட்டியைப் பிடித்தபடி தரையைப் பார்த்து நின்றான். பிறகு பெட்டியைத் தூக்கினான்.

ஏலியாம்மா சாவி போட்டுக் கதவைத் திறந்தாள்.

ஷைனி கண்ணைத் துடைத்துக்கொண்டே உள்ளே போனவள், பாதிக் கூடத்தில் நின்றாள். இடப்பக்கம் பார்த்தாள். வலப்பக்கம் பார்த்தாள்.

"ரோயிச்சா, இது என்ன வாடை?"

ரோயிச்சன் அடுக்கடுக்காக மூன்று தும்மல் போட்டான். "ஷீட்டு" என்றான் மூக்கைத் துடைத்துக்கொண்டு. "ரப்பர் ஷீட்டு. இந்த வாடையிலேருந்து தப்பிக்கத்தான் நான் அயர்லாந்துக்கே போனேன்."

ஷைனி திரையைத் தொட்டுப் பார்த்தாள். முகர்ந்தாள். சோபாத் திண்டைத் தூக்கி முகர்ந்தாள். "யாரு சேச்சி இதச் செஞ்சது?"

மறியக்குட்டி சொல்லிக் கொடுத்தது எதுவும் ஏலியாம்மாவின் வாயில் வரவில்லை. "நான்தான். பூசணம் புடிச்சிருந்துச்சு. அலசினேன். காயல. புகைப்புரையில போட்டேன்."

"பூசணம் புடிச்சிருக்குன்னு ஏன் எங்கிட்ட சொல்லல? நான் கேட்டேன்ல?"

"நல்லா இருக்குன்னு சொல்லிட்டேன். சொன்னதுக்கப்புறம் நல்லா ஆக்கணும்ல."

ஷைனி கோபப்படுகிற இடம்தான். ஆனால் எதிரே நிற்பவள் புருஷனைப் புதைத்து இரண்டு மாசம்கூட ஆகாதவள். அவள் முகத்தில் கோபத்தைப் போட ஓர் இடமும் இல்லை.

அன்று சாயங்காலத்துக்குள் ஷைனியே நாற்காலி போட்டு ஏறி எல்லாத் திரைகளையும் கழற்றினாள். பாலாவுக்குப் போய்ப் புதுத் திரைகளும் உறைகளும் வாங்கி வந்தாள். சுத்தமான ஆஸ்பத்திரிக்காரக் கைகள், வேலை சீக்கிரம் முடிந்தது. கழற்றியதை வாசலில் மூட்டையாகக் கட்டிப் போட்டாள். ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கப்பைக் கிழங்கும் மீன்குழம்பும் ஏலியாம்மா கொண்டுவந்தாள். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு ஷைனி மெதுவாக ஆரம்பித்தாள்.

"சேச்சி மேல எனக்குக் கோபம் இல்ல. நெஜமா. இத்தனை வருஷம் நீங்க பாத்த மாதிரி வேற யாரும் பாத்திருக்க மாட்டாங்க. ஆனா இப்ப உங்களுக்கு முடியாது. அதுல தப்பு ஒண்ணும் இல்ல."

"ம்."

"ஒரு மெஷின் வருது. காத்துல இருக்கற ஈரத்தை உறிஞ்சிரும். வீடு பூட்டியே கிடந்தாலும் துணிக்கு ஒண்ணும் ஆகாது. அந்தக் கம்பெனிக்காரங்க மாசம் ஒரு தடவை வந்து பாத்துக்குவாங்க."

ரோயிச்சன் அக்காளின் முகத்தைப் பார்த்தான். அதில் ஒன்றும் தெரியவில்லை. "சேச்சி என்ன சொல்றீங்க?" என்றான்.

"நல்ல மெஷினா?" என்று கேட்டாள் ஏலியாம்மா.

"நல்ல மெஷின்தான்."

"அப்ப சரி."

சாவி மேஜை மேல் இருந்தது. ஷைனி பேசிக்கொண்டே அதை எடுத்துத் தன் கைப்பையில் போட்டாள். ஏலியாம்மா காலிப் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு மழையில் வீட்டுக்கு நடந்தாள்.

மறுநாள் ஞாயிறு. சர்ச்சுக்குப் போய்விட்டு வந்தாள். பத்து மணிக்குக் கால் அவளை அடுத்த மனை வேலிவரை கொண்டுபோனது. உள்ளே ஆட்கள் இருந்தார்கள், சன்னல்கள் திறந்திருந்தன. திரும்பி வந்தாள். சமையல்கட்டு வாசலில் நின்றாள். உள்ளே போய்க் கட்டில்மேல் உட்கார்ந்தாள். எழுந்து மறுபடி வாசலுக்கு வந்தாள். அவர்கள் போன பிறகு எல்லா நாளும் இப்படித்தான் இருக்கும் என்று கணக்குப் போட அவளுக்குக் கஷ்டமாக இல்லை.

மெஷின் கோட்டயத்திலிருந்து வேனில் வந்தது. ஒரு சின்ன அலமாரி உயரம். கூடவே கடை மெக்கானிக், நல்ல வாயாடி. ஷைனி ஏலியாம்மாவையும் பார்க்கக் கூப்பிட்டிருந்தாள். கூடத்து மூலையில் வைத்து பொத்தானை அமுக்கியதும் அது மெல்ல உறுமியது.

"அவ்வளவுதான் ஆன்ட்டி. இனிமே உங்க சோபாவுக்கு சளிகூடப் புடிக்காது" என்றான் மெக்கானிக். ஒரு மணி நேரம் கழித்துக் கீழேயிருந்த டப்பாவை இழுத்துக் காட்டினான். அடியில் தெளிவான தண்ணீர் நின்றது.

ஏலியாம்மா குனிந்து பார்த்தாள். "இது எங்கேருந்து வந்துச்சு?"

"காத்துலேருந்து."

"இவ்வளவுமா?"

"இது என்ன, இந்த மழைக்கு ராத்திரிக்குள்ள டப்பா நெறைஞ்சிரும். நெறைஞ்சா மெஷின் தானா நின்னுரும். கொட்டிட்டு வெச்சாத்தான் மறுபடி ஓடும்."

"அப்ப யாராவது வந்து கொட்டணும்."

"அதுக்குத்தானே இது" என்று மெக்கானிக் பையிலிருந்து ஒரு நீளக் குழாயை எடுத்தான். "இந்த ஓட்டையில மாட்டி, சுவர்ல ஒரு துளை போட்டு வெளிய விட்டுட்டோம்னா தண்ணி தானா போயிரும். டப்பாவே வேண்டாம். ஒரு ஆளும் வர வேண்டாம். நீங்க பாட்டுக்கு நிம்மதியா வீட்டுல உட்காரலாம்."

துளை போடும் கருவியை எடுத்துச் சுவரில் இடம் பார்த்தான்.

"அந்தக் குழாய் வேண்டாம்" என்றாள் ஏலியாம்மா.

எல்லோரும் திரும்பினார்கள். கணவன் இறந்த பிறகு வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ அவள் சொல்லி யாரும் கேட்டதில்லை.

"ஏன் சேச்சி?" என்றாள் ஷைனி.

"தண்ணிய நான் கொட்டறேன்."

"தினமும் வரணுமே சேச்சி. மழையில."

"அடுத்த வீடுதானே."

மெக்கானிக் சிரித்தான். "குழாய் ஃப்ரீ ஆன்ட்டி. மெஷினோட வர்றதுதான்."

"நீ சும்மா இருப்பா" என்றான் ரோயிச்சன்.

ஷைனி ஏலியாம்மாவின் பக்கத்தில் வந்து நின்றாள். நேராகவே கேட்டாள், அவள் குணம் அது. "மறந்துட்டீங்கன்னா? ஆறு வாரம் மறந்தீங்க. அப்ப மெஷின் நின்னுரும். புதுத் திரையும் போயிரும்."

ஏலியாம்மாவுக்கும் அது நியாயமான கேள்விதான்.

"அப்ப அவர் செத்தாரு" என்றாள். "இனிமே எங்க வீட்டுல சாகறதுக்கு என்னைத் தவிர ஆள் இல்ல ஷைனி. நான் செத்தா ஊர்ல யாராவது போன் பண்ணுவாங்க. அப்ப குழாய மாட்டிக்கலாம்."

மெக்கானிக் துளை போடும் கருவியை மெதுவாகத் தரையில் வைத்தான்.

"எனக்குக் காலைல பத்து மணிக்கு ஒரு இடத்துக்குப் போகணும்" என்றாள் ஏலியாம்மா. முன்னைப் போலவே ஏற்ற இறக்கமில்லாத குரல். "திரையத் தொட மாட்டேன். சோபாவத் தொட மாட்டேன். தண்ணிய மட்டும் கொட்டிட்டுப் போயிடறேன்."

ஷைனி உள் அறைக்குப் போனாள். கைப்பையைத் திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்து சாவியை ஏலியாம்மாவின் கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டாள். "சன்னலையும் திறக்க வேண்டாமா? யாரு திறப்பா? கம்பெனிக்காரனா?" என்று அதட்டுவது போலக் கேட்டாள். கண் மட்டும் வேறு பக்கம் பார்த்தது. "ஆனா ஒண்ணு. தினமும் எனக்கு ஒரு போட்டோ வரணும்."

"தண்ணியவா?"

"தண்ணிய எதுக்கு? உங்களத்தான். டப்பாவப் புடிச்சுக்கிட்டு நில்லுங்க. நீங்க வந்தீங்கன்னு எனக்குத் தெரியணும்."

"என்னைய நானே எடுக்க எனக்குத் தெரியாது."

"ரோயிச்சன் சொல்லித் தருவாரு."

"அவனுக்கே தெரியாது" என்றாள் ஏலியாம்மா. "அவன் அனுப்பற படத்துல எல்லாம் பாதித் தலைதான் இருக்கும்."

ரோயிச்சன் சிரித்தான். சிரிப்பு பாதியில் உடைந்து, அவன் வராந்தாவுக்குப் போய் மழையைப் பார்த்து நின்றான். மெக்கானிக் குழாயைச் சுருட்டி, "இத வெச்சிட்டுப் போகவா ஆன்ட்டி?" என்று கேட்டான்.

"எடுத்துட்டுப் போ."

ஏலியாம்மா டப்பாவை உருவி எடுத்து வாசலுக்குக் கொண்டுபோனாள். இன்னும் கால்வாசிகூட நிறையவில்லை. ஆனாலும் படியில் நின்று சாய்த்தாள். தண்ணீர் முற்றத்து மழையோடு சேர்ந்து தோட்டத்துப் பக்கம் ஓடியது. உள்ளே வந்து, டப்பாவின் வெளிப்புறத்தை முந்தானையால் துடைத்து, மறுபடி அதன் இடத்தில் தள்ளினாள். மெஷின் ஒரு நொடி யோசித்துவிட்டு ஓட ஆரம்பித்தது.